பாலசுந்தரத்தார் கழற்றாத சட்டை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அந்த முருகன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய கோயில், அவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம். டாக்டரோ, டத்தோ பட்டம் வாங்கியவரோ, வாசலிலேயே சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். பாலசுந்தரம் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போனது சாமி கும்பிடத்தான் என்று யாராவது நினைத்தால், அவர்களைப் போல அப்பாவி கிடையாது. மனுஷர் தன் நெஞ்சைக் காட்டப் போனார்.

அறுபத்து மூன்று வயது. நில அளவை இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். காலையில் நடை, வாரம் மூன்று நாள் செராஸில் பேட்மின்டன், ராத்திரிக்கு ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. வயிறு ஒட்டிக் கிடக்கும். சட்டையைக் கழற்றினால் நாற்பது வயசுக்காரன் மாதிரி இருப்பார். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிடும்போது இவர் கண்ணைத் திறந்து வயிறுகளைக் கணக்கெடுப்பார். ஒவ்வொரு வயிற்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். முன்னாள் பள்ளி ஆசிரியர் ராதாகிருஷ்ணனுக்கு ‘எட்டாம் மாசம்’ என்று பெயர். இருபது வருஷமாக அவருக்கு முன்னாலேயே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ராதாகிருஷ்ணனும் சேர்ந்து சிரிப்பார். பாவம், வேறு என்ன செய்வார்.

கோயிலில் காட்டிய கொழுப்பாவது போகட்டும். வீட்டிலும் இதே கண்தான். ஒரே மகள் ஜெயமாலா தாயைப் போலப் பூசின உடம்பு. அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தட்டிலிருந்த கேக்கை எடுத்துப் பாதியாக வெட்டித் திருப்பி வைத்த புண்ணியவான் இவர். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் எடைபார்க்கும் இயந்திரம் இருந்தது. இரண்டாவது தோசைக்கு அவள் கை நீட்டினால் இவர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். இயந்திரத்தைத் திரும்பிப் பார்ப்பார். அவள் படித்து, மருந்தாளராகி, சுங்கை பூலோவில் வேலைக்குச் சேர்ந்து, கிள்ளானில் சரண் என்ற நல்ல பிள்ளையைத் தானே தேடிக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தன்று படம் எடுக்க வந்தவரிடம் பாலசுந்தரம் போய், “சைடுல இருந்து எடுங்கோ தம்பி, அகலம் தெரியாது” என்றார். அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான் சொன்னார். வைகாசியில் கல்யாணம், அதே கோயில் மண்டபத்தில் என்று முடிவானது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆட்டத்தின் நடுவே மட்டையோடு சுருண்டு விழுந்தார். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றே போய்விட்டது. கூட ஆடியவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் உயிர் திரும்பியது. இனி அப்படி நடந்தால் உள்ளேயே ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்ய, நெஞ்சில் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு டிவைஸ் வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. எத்தனையோ பேருக்குக் கிடைக்காத மறுபிறவி. கண் விழித்த மனுஷர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“இது வெளியில தெரியுமா?”

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பெட்டியின் நாலு மூலையும் தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு நின்றன, மேலே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. கட்டுப் பிரிக்க வந்த நர்ஸ் புனிதா நல்ல மனசோடுதான் விளக்கினாள்.

“அங்கிள் ரொம்ப ஒல்லி லா. அதான் தூக்கிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் சதை இருந்தா வெளியே தெரியவே தெரியாது. போன வாரம் ஒரு அங்கிளுக்கு வெச்சோம், நல்லா குண்டு. எங்க வெச்சோம்னு நாங்களே தடவித்தான் பாக்கணும்.”

அறுபத்து மூன்று வருஷமாகச் சதையை ஏளனம் செய்தவர் அதைக் கேட்டுவிட்டுப் போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கூத்து தொடங்கியது. குளியலறைக் கண்ணாடியில் மேல் பாதியைத் துண்டு போட்டு மூடினார். மனைவி குணேஸ்வரிக்கு முன்னால்கூடச் சட்டை மாற்றுவதில்லை. இரண்டு அளவு பெரிய சட்டைகளை வாங்கி, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு கோலாலம்பூர் வெயிலில் வியர்த்து வழிந்தார். லிஃப்டில் யாராவது ஏறினால் இடது தோளைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். விரல் மட்டும் சும்மா இராது. சட்டைக்கு மேலாகவே பெட்டியின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்க்கும், ஒரு வேளை தேய்ந்திருக்குமோ என்று. ஆஸ்பத்திரி விஷயம் வெளியே போகக் கூடாது என்று வீட்டில் கட்டளை. கேட்பவர்களுக்கு டெங்கி காய்ச்சல் என்று சொல்ல வேண்டும்.

“உயிர் தப்பி வந்திருக்கிறியள். ஒரு அர்ச்சனை செய்வம், கோயிலுக்கு வாங்கோ” என்றாள் குணேஸ்வரி.

“நீ போ.”

“நான் போனா நீங்கள் எங்கயெண்டு கேப்பினம்.”

“டெங்கின்னு சொல்லு.”

டெங்கி ஒரு மாதம் ஓடியது. பிறகு முழங்கால் வலி ஒரு மாதம். வைகாசி விசாகம் நெருங்கியபோது ராதாகிருஷ்ணன் போன் செய்தார். சாமி உள்வீதி சுற்றி வரும்போது தூக்குகிற முன்கொம்பைப் பிடிப்பது பதினெட்டு வருஷமாக பாலசுந்தரம். இந்த வருஷமும் பெயரைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

“முழங்கால் எப்படி இருக்கு பாலா? நீங்க சும்மா கொம்பைத் தொட்டுக்கிட்டு நடந்தா போதும். பாரத்தை நாங்க பாத்துக்கிறோம்.”

சட்டையில்லாமல் முந்நூறு பேருக்கு முன்னால் நடப்பதை நினைத்ததும் பாலசுந்தரத்தின் விரல் பெட்டியின் விளிம்புக்குப் போனது. முழங்கால் செல்லாது என்று தெரிந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்.

“எனக்குத் துடக்கு, ராதா. டொரொண்டோவில எங்க பெரியப்பா மகன் சிவபாதம் தவறிட்டான். முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்க முடியாது.”

போனை வைத்தபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. சாவுத் தீட்டு என்றால் எவனும் கேள்வி கேட்க மாட்டான், வா என்று கூப்பிடவும் மாட்டான். அந்தப் புத்திசாலி ஒன்றை மறந்துவிட்டார். தந்தை வழி உறவில் ஒருவர் செத்தால் துடக்கு ஒரு ஆளோடு நிற்காது. வீட்டுக்கே துடக்கு, மகளுக்கும் துடக்கு. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருந்தது.

ராதாகிருஷ்ணன் நல்ல மனுஷர், அதுதான் ஆபத்தாய்ப் போயிற்று. கோயில் வாட்ஸாப் குழுவில் கண்ணீர் அஞ்சலி போட்டார். சிவபாதத்தின் பழைய படம் ஒன்றைக்கூட எங்கிருந்தோ தேடிப் பிடித்து, இரண்டு குத்துவிளக்குக்கு நடுவே ஒட்டியிருந்தார். ஒரு மணி நேரத்தில் எண்பது பேர் கைகூப்பி இருந்தார்கள். மத்தியானத்துக்குள் கிள்ளானிலிருந்து சரணின் அம்மா கௌசலா போன் செய்துவிட்டாள். துக்கம் விசாரித்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

“குணேஸ்வரி அக்கா, துடக்கோட தாலி கட்டினா நல்லா இருக்காது. சரணோட பாட்டனார் பக்கத்தில எல்லாரும் இதெல்லாம் பாப்பாங்க. ஆவணிக்குத் தள்ளி வெச்சுக்குவோமா? மண்டபத்தில நான் பேசுறேன்.”

குணேஸ்வரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஐந்து மணிக்கு டொரொண்டோவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே விடிகாலை. சிவலோகம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சிவபாதம் திரையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

“டேய் பாலா, நான் எப்பயடா செத்தனான்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

பாலசுந்தரம் போனைக் கவிழ்த்துப் போட்டார். அதற்குள்ளிருந்து சிவபாதம் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு மூன்று பேர் அழுது மெசேஜ் போட்டிருக்கினம், விளக்கு நடுவில நான் நல்லாத்தான் இருக்கிறன், வேறு படம் கிடைக்கேல்லையோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலை முடிந்து வந்த ஜெயமாலா வாசலில் நின்று அத்தனையையும் கேட்டாள்.

அவள் கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“எதுக்குப்பா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கோயிலுக்குப் போனா சட்டையைக் கழட்டணும்.”

“அதுக்காக ஒரு ஆளைச் சாகடிச்சீங்களா?”

“உனக்குப் புரியாது. இத்தனை வருஷம் என்னை எப்படிப் பாத்தவங்க அவங்க. இப்ப நெஞ்சில ஒரு கட்டி மாதிரி இதைத் தூக்கிக்கிட்டுப் போய் நிக்கணுமா? ஒவ்வொருத்தன் கண்ணும் இங்கதான் இருக்கும்.”

“எனக்குப் புரியாதா?”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கா புரியாது என்று இன்னொரு தரம் கேட்டாள். அப்போதாவது அந்த ஆளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் தன் கவலையிலேயே அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்.

“கல்யாணத்திலயும் நான் மணவறையில உட்காரமாட்டேன். ஐயர் சட்டையைக் கழட்டச் சொல்லுவார், சால்வையைத் தோளில போட விடமாட்டார். கன்னிகாதானத்துக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மகள் அழுவாள், காலில் விழுவாள், நீங்கள் இல்லாமல் எப்படி அப்பா என்று கெஞ்சுவாள், நாலு நாள் கெஞ்சிய பிறகு பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. அப்படி நடந்தால் சட்டையைக் கழற்றினது வெட்கக்கேடாக இருக்காது, தியாகமாகிவிடும்.

“சரிப்பா” என்றாள் ஜெயமாலா. எழுந்து முகம் கழுவப் போனாள்.

அன்றைக்கே அவள் கிள்ளானுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள். யாரும் சாகவில்லை, அப்பாவுக்கு இதய ஆபரேஷன், வெளியே சொல்லக் கூச்சப்பட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள். கௌசலா, உயிர் பிழைத்தாரே, அதுவே போதும் என்றாள். தேதி மாறவில்லை. அவளிடமிருந்து விஷயம் தெரிந்துகொண்ட ராதாகிருஷ்ணன் கோயில் குழுவில் தானே தவறாகப் புரிந்துகொண்டதாக ஒரு வரி எழுதி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அஞ்சலியை அழித்தார். பாலசுந்தரத்திடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலசுந்தரம் அதற்கும் நன்றி சொல்லவில்லை. மடையன், நன்றாகச் சமாளித்தான் என்று மனைவியிடம் சொன்னார்.

நாலு நாள் போயிற்று, எட்டு நாள் போயிற்று. யாரும் கெஞ்ச வரவில்லை. வீட்டில் கல்யாண வேலை அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தது. கூறைச் சேலை வந்தது, பலகாரத்துக்குச் சொல்லியாயிற்று, பந்தியில் யார் நிற்பது என்று பேசினார்கள். மணவறையில் யார் உட்காருவது என்று ஒருவரும் அவரிடம் பேசவில்லை. பாலசுந்தரத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், குளியலறைக் கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு, சட்டையில்லாமல் அரைமணி நேரம் நின்று பார்த்தார். பெட்டி அங்கேயேதான் இருந்தது. சரி, போகட்டும் என்று ஒரு வழியாகத் துணிந்தார். துணிந்த மனுஷர் அதை அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். அப்படியே கூடத்துக்கு வந்து தொண்டையைச் செருமி, பதவிப் பிரமாணம் எடுப்பவர் மாதிரி அறிவித்தார்.

“மாலா, நான் யோசிச்சுட்டேன். நானே உட்காருறேன். சட்டை இல்லாமயே.”

ஜெயமாலா வெற்றிலைத் தட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ராதா அங்கிளைக் கேட்டுட்டேன்பா. அவரும் ஆன்டியும் தாரை வார்க்கிறாங்க.”

“எட்டாம் மாசமா?” வாய் தவறி வந்துவிட்டது.

“ஆமா. அவர்தான்.”

“நான் இருக்கும்போது இன்னொருத்தனா? சொல்லிக்கலாம் லா, அப்பாவே உட்காருறார்னு. அவன் என்ன கோவிச்சுக்கவா போறான்?”

“கோவிச்சுக்கமாட்டார். ஆனா நான் சொல்லப்போறதில்ல.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க உட்கார்ந்தா உங்க கவனம் பூரா உங்க நெஞ்சிலதான் இருக்கும். யார் பாக்குறா, எத்தனை பேர் பாக்குறான்னு எண்ணிக்கிட்டு இருப்பீங்க. எனக்குத் தெரியும்பா. நான் பன்னெண்டு வயசிலேர்ந்து அப்படித்தான் இருந்தேன், நீங்க என்னைப் பாக்குறப்ப எல்லாம். என் கல்யாணத்தன்னைக்காவது நான் அதை நினைக்காம உட்காரணும். உங்க கையில என் கையைக் குடுத்தா அது முடியாது. நீங்க முன்வரிசையில உட்காருங்க.”

பாலசுந்தரம் குணேஸ்வரியைப் பார்த்தார். அவளாவது பரிந்து பேசுவாள் என்று நினைத்தார். அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“என்னைப் பாக்காதேங்கோ. தம்பதியாத்தான் இருந்து குடுக்க வேணும். நீங்கள் மாட்டன் எண்டபடியா எனக்கும் இல்லாமப் போச்சு. முப்பத்தொரு வருஷம் வளர்த்த பிள்ளை. உங்களை நான் இதுக்கு மன்னிக்கமாட்டன்.”

அவள் அழுதாள். இவர் அறைக்குள் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அது கோயிலுக்கு வெளியே இருந்தது, அங்கே மணவறையில் உட்காருபவர்கள் மட்டும் சட்டையைக் கழற்றினால் போதும். முன்வரிசையில் குணேஸ்வரி உட்கார்ந்திருந்தாள், பக்கத்து நாற்காலி காலி. பாலசுந்தரம் கழுத்துவரை பூட்டிய பட்டுச் சட்டையோடு ஆறாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முன்னால் போனால் எல்லாரும் பார்ப்பார்களாம். மணவறையில் ராதாகிருஷ்ணன் சட்டையில்லாமல் சம்மணம் போட்டிருந்தார். வயிறு வேட்டிக்கு மேலாக மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல், ஐயர் சொன்ன மந்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு, ஜெயமாலாவின் கையை எடுத்துச் சரணின் கையில் வைத்தார். அவர் மனைவி நீர் வார்த்தாள். ராதாகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயமாலா அவரைப் பார்த்துச் சிரித்தாள், வாய் நிறைய. அப்படி ஒரு சிரிப்பை பாலசுந்தரம் அந்த வீட்டில் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கன்னிகாதானம் முடிந்ததும் மணமகள் கூறைச் சேலை உடுத்திவர எழுந்து போனாள். மேளம் கொஞ்சம் ஓய்ந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். கிள்ளானில் சரண் வீட்டுக்குப் பக்கத்து வீடு, பெயர் அய்யாவு, கேரி தீவில் லோரி ஓட்டியவராம்.

“அங்கிள் பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“பொண்ணு வீடு.”

“பொண்ணுக்கு என்ன வேணும்?”

“அப்பா.”

அய்யாவு அவரைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

“அப்ப அங்க உட்கார்ந்து தாரை வார்த்துக் குடுத்தாரே, அவரு?”

பாலசுந்தரத்திடம் பொய்கள் தயாராக இருந்தன. சாதகத்தில் தோஷம், முழங்கால் வலி, அவர் எனக்கு அண்ணன் முறை. மேடையில் ராதாகிருஷ்ணன் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு நெஞ்சில ஒரு டிவைஸ் வெச்சிருக்கு. இதயத்துக்கு. வெளியே புடைச்சுத் தெரியும். அங்க உட்காரணும்னா சட்டையைக் கழட்டணும். வெக்கமா இருந்திச்சு.”

இதைப் பிறத்தியாரிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அந்த மனுஷருடைய பார்வை தன் நெஞ்சுக்கு வருவதற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று அய்யாவு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேறு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கேட்டார்.

“அதுக்கா?”

அதற்குள் கூறையோடு மணமகள் வந்துவிட்டாள். கெட்டிமேளம் கொட்டியது. அய்யாவு கைநிறைய அரிசியோடு எழுந்து நின்றார், முன்னால் ஐந்து வரிசையும் எழுந்து நின்றது. பாலசுந்தரமும் எழுந்தார், குதிகாலை உயர்த்தினார், தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் முதுகுகள்தான் தெரிந்தன. தாலி கட்டியாயிற்று என்று மற்றவர்கள் அரிசி தூவியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.